டைனமோ சுற்றிய மாப்பிள்ளை

தொண்ணூற்று இரண்டாம் ஆண்டு, பங்குனி மாதம். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில், மருதனார்மடத்துக்குக் கிட்ட. சாவகச்சேரிப் பக்கத்தில் எனக்குப் பெண் பார்த்து, பொருத்தமும் பார்த்து, ஆனியில் கல்யாணம் என்று நாளும் வைத்தாயிற்று. அம்மா எனக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: கல்யாணம் முடியும்வரை கரப்பந்தாட்டப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

நான் பார்க்கத்தான் போனேன். ஓர் ஆள் குறைகிறது என்றார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். எங்கள் மைதானத்தில் வலையின் ஒரு பக்கம் இரும்புக் குழாயிலும் மறுபக்கம் ஒரு பனையிலும் கட்டியிருக்கும். நான் எழும்பி அடித்த அடியில் பந்து எதிர்ப்பக்கம் போனது, நான் பனையோடு போய் மோதினேன். புள்ளி எங்களுக்குத்தான் கிடைத்தது. அதை இன்றைக்கும் யாரும் மறுக்க முடியாது.

வலது தோள்மூட்டு விலகியிருந்தது. ஊர் வைத்தியரான பரியாரியார் ஓர் இழுவையில் அதைச் சரியாக இருத்தி, எண்ணெய் வைத்து, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு கிழமையில் கட்டை அவிழ்த்துக் கையை அசைக்கச் சொன்னார். அம்மாவுக்கு இரண்டு கிழமை போதவில்லை. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று சித்திரை வருடப்பிறப்புக்கும் கட்டோடுதான் பொங்கல் சாப்பிட்டேன். கடைசியில் அவிழ்த்துப் பார்த்தால் தோள் இறுகிப்போயிருந்தது. கை நெஞ்சுக்கு மேலே வரமாட்டேன் என்றது. சோறு சாப்பிடும்போது கை வாய்க்கு வராது, வாய்தான் கைக்குக் குனிந்து போகவேண்டும்.

ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் பழுதில்லை, சும்மா வைத்திருந்ததுதான் பிழை என்றார். பாரம் தூக்கக்கூடாது, ஆனால் ஒவ்வொரு நாளும் கையைச் சுழற்றவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் கூட்டவேண்டும் என்று தன் கையாலேயே காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார்.

வீட்டில் கல்யாண ஒத்திகை நடந்தது. அக்கா பலகையில் பொம்பிளை மாதிரி இருந்தாள். நான் குனிந்து அவள் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டினேன். சுலபமாக முடிந்தது. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் அக்கா எழும்பி நின்று, மாலை மாற்றுகிறபோது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். ஒரு பழைய சேலையை மாலைபோல முறுக்கி அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். அது நாடிவரை போய், மூக்கில் மாட்டிக்கொண்டு நின்றது. பெண்ணோ கிட்டத்தட்ட என் உயரம். அதற்கு மேலே கொண்டை, கொண்டைக்கு மேலே பூ. அம்மா தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டா.

விஷயம் பெண் வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தோம். கல்யாணம் குழப்புவதற்கென்றே எங்கள் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கை ஏலாது என்று மருதனார்மடத்தில் புறப்படும் கதை, சாவகச்சேரிக்குப் போய்ச் சேரும்போது இரண்டு கையும் ஒரு காலும் ஏலாமல் போயிருக்கும். எனக்கோ அந்தப் பெண்ணை விட மனமில்லை. ஒரே ஒரு தடவை கோயிலில் பார்த்திருந்தேன். மத்தியான வெயிலில் வீதி மணல் சுடுகிறதென்று எல்லோரும் துள்ளிக்கொண்டு ஓட, அவர் மட்டும் ஆறுதலாக நடந்து போனார். அந்த நடையை நினைத்து நினைத்தே நான் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி மாஸ்ரரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் முன்வீட்டுக்காரர், ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டையால் ரயிலும் ஓடுவதில்லை, கரண்டும் இல்லை, ரேடியோவுக்குப் போட பற்றரியும் கிடையாது. ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றிச் செய்தி கேட்பார். எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுக்க, கேட்க வந்து இருக்கும். ஆனால் சுற்றுவதற்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். ஒருவருக்கு முதுகுப்பிடிப்பு, மற்றவருக்கு அன்றைக்கு விரதம்.

டொக்டர் சொன்னதை அக்கா மாஸ்ரர் வீட்டில் போய்ச் சொன்னாள். அவர் அன்றைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, டொக்டர் சொன்னதை நாங்கள் மீறப்படாது. நீர் பின்னேரச் செய்திக்கு வாரும்" என்றார்.

அன்றிலிருந்து நான்தான் ஒழுங்கையின் மின்சார நிலையம். எங்கள் வீட்டில் அம்மா என்னை ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்க விடமாட்டா. முன்வீட்டில் என்னை நிறுத்தவே விடமாட்டார்கள். நோவில் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து போகும். உடனே எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். சண்டை எங்கே, கப்பல் எங்கே, மண்ணெண்ணெய் வருமா என்பதெல்லாம் என் தோள்மூட்டில் தங்கியிருந்தது.

முதலில் நாற்காலியில் இருந்து சுற்றினேன். நோவு குறைந்ததும் மாஸ்ரர் நாற்காலியை எடுத்துவிட்டு ஸ்ரூல் வைத்தார். பிறகு பலகை, அதற்குப் பிறகு வெறும் பாய். நான் கீழே போகப் போக, பெடல் மேலே போகும், கையும் அதோடு மேலே போகும். கடைசியில் சைக்கிளைக் கல்லுக்கு மேல் ஏற்றி வைத்தார். அவருக்கு இதெல்லாம் ரயிலை நேரத்துக்கு அனுப்புவது மாதிரி. என் கல்யாணம்தான் ரயில்.

வைகாசியில் ஒரு பின்னேரம், முன்பின் தெரியாத ஒருவர் குடையோடும் ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடும் வந்து சேர்ந்தார். பெண்ணின் சித்தப்பா. சந்தைக்கு வந்த இடத்தில் மாப்பிள்ளையையும் பார்த்துப்போகலாம் என்று வந்தாராம். எங்கள் வீட்டில் ஆள் இல்லாததால் நேரே முன்வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அந்த நேரம் பாயில் இருந்து பெடல் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அக்காவின் முகம் சாம்பல் பூத்தது.

எழும்பி நின்றேன். அவர் மாம்பழப் பையை நீட்டினார். பாரமான பை. யோசிக்காமல் இடக்கையை நீட்டி வாங்கிவிட்டேன். பெண் வீட்டார் கொண்டுவந்ததை இடக்கையால் வாங்கிய மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் எனக்கு முன்னும் இருந்திருக்கமாட்டான், பின்னும் இருக்கமாட்டான். முற்றத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மாஸ்ரர் மட்டும் அசரவில்லை. "குறை நினையாதேங்கோ. தம்பியின்ரை வலக்கை முழுக்கச் சைக்கிள் கிறீஸ்" என்றார்.

சித்தப்பா என் வலக்கையைப் பார்த்தார். பிறகு குடையை ஓரமாக வைத்துவிட்டு வந்து இருந்தார். அதற்குப் பிறகு ஒழுங்கைக்காரர்களுக்குத் துணிவு வந்துவிட்டது. இந்தப் பிள்ளை ஊருக்காகத் தினமும் சுற்றுகிறது, வேறு ஒருவரையும் தொட விடாது என்றார் ஒருவர். முதுகுப்பிடிப்புக்காரர், தான் எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தும் நான் விடவில்லை என்றார். சித்தப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு, செய்தி முடிந்ததும், பழைய பாட்டு ஏதும் போகுமா என்று கேட்டார். போனது. நான் சிரித்த முகத்தோடு சுற்றினேன். பாட்டு முடிய இன்னொரு பாட்டு வந்தது. நோவில் என் கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அவர் என்ன என்று விசாரிக்க, தம்பிக்குப் பாட்டென்றால் மனம் இளகிவிடும் என்று மாஸ்ரர் சொல்லிவிட்டார். மனிதருக்குப் பொய் அவ்வளவு நேரம் தவறாமல் வந்தது.

ஆனி வந்தது. அதுவரை கையை நெற்றி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேலே ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய காரில், புகையோடு புகையாகச் சாவகச்சேரி போய்ச் சேர்ந்தேன். ஒழுங்கைக்காரர்கள் சைக்கிள்களில் பின்னால் வந்தார்கள்.

தாலி கட்டியாயிற்று. மாலை மாற்ற எழுந்து நின்றோம். பெண் என் தலைப்பாகைக்கு மேலால் மாலையை வெகு சுலபமாகப் போட்டுவிட்டார். என் முறை. பல்லைக் கடித்துக்கொண்டு உயர்த்தினேன். மாலை நாடியைக் கடந்தது. மூக்கைக் கடந்தது. அவர் நெற்றியடிக்கு வந்து நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் படப்பிடிப்பாளர், அப்படியே நில்லுங்கோ என்று கையைக் காட்டினார். அந்தக் காலத்தில் பிலிம் சுருளுக்குப் பெருந்தட்டுப்பாடு. முழுத் திருப்தி வராமல் மனிதர் பொத்தானை அமத்தமாட்டார். கொஞ்சம் இடப்பக்கம் என்றார். மாப்பிள்ளைத் தோழனை விலகச் சொன்னார். என் கை நடுங்கத் தொடங்கியது. மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. பந்தலில் எங்கள் ஒழுங்கை முழுவதும் மூச்சுவிடாமல் இருந்தது. மாஸ்ரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது, கை இப்போது விழப்போகிறது, ஊர் பார்க்கப்போகிறது என்று நான் நினைத்தேன்.

அப்போது பெண், நிமிர்ந்தும் பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னார்:

"நீங்கள் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் வாறன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து, தானாகவே மாலைக்குள் வந்துவிட்டார். பந்தலில் இருந்த பெண்கள், என்ன அடக்கமான பிள்ளை என்று மெச்சினார்கள். படப்பிடிப்பாளர் மட்டும் தலையில் கைவைத்தார். அவர் பொத்தானை அமத்தியது அந்தக் கணத்தில்தான்.

கல்யாணத்தின் நாலாம் நாள் நடக்கும் நாலாம் சடங்கு முடிந்த பிறகுதான், என் கை விஷயம் எப்படித் தெரியும் என்று மனைவியிடம் கேட்கத் துணிவு வந்தது. சித்தப்பா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாராம். என் வலக்கையில் கிறீஸ் ஒரு பொட்டுக்கூட இல்லையே. வீட்டில் வேறு யாருக்கும் சொல்லாமல் இவரை மட்டும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "பெடியனுக்குக் கை ஏலாதுதான். ஆனா ஒரு ஒழுங்கையே அவனுக்காகப் பொய் சொல்லுது பிள்ளை. அப்பிடியான இடத்துக்குப் பயப்பிடாமல் போகலாம்" என்றாராம். அதனால்தான் இவர் கல்யாணத்தன்று தன்னைச் சோடிக்க வந்தவர்களோடு சண்டை பிடித்து, கொண்டையைக் கழுத்தடியில் பதித்துப் போடச் சொன்னாராம். இத்தனை நாளும் நானும் ஓர் ஒழுங்கையும் சேர்ந்து மறைத்த விஷயத்துக்கு, அவர் தனியே இருந்து வழி பார்த்திருக்கிறார்.

ஆவணியில் கை முழுதாக மேலே வந்துவிட்டது. அதில் கவலைப்பட்டவர் மாஸ்ரர் ஒருவர்தான். இடப்பக்கத் தோளில் ஏதும் பிடிப்பு இருக்கிறதா என்று சில நாள் விசாரித்துப் பார்த்தார்.

எத்தனையோ இடம்பெயர்வுகளைத் தாண்டி அந்தப் படம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் பெண்ணின் முகமே இல்லை, உச்சந்தலைதான் தெரிகிறது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். இப்போது அவருக்கு முழங்கால் நோ, கோயில் படி ஏறக் கஷ்டப்படுகிறார். படியடியில் அவர் தயங்கி நிற்கும்போது, "நீர் உதிலை நில்லும், நான் வாறன்" என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போய் அந்தப் பழைய வலக்கையை நீட்டுவேன். கல்யாணம் என்றால் இவ்வளவுதான் என்று நான் விளங்கிக்கொண்டது, அன்றைக்கு அந்த மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான்.