பெயர் மாறாத கரைத் தெரு

மீன்கார அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் மீனும் ஐஸும் போட்ட ஒரு வெள்ளை ரிஜிபோம் பெட்டி கட்டியிருக்கும். ரம்புக்கனை டவுனிலிருந்து எங்கள் றப்பர் தோட்டத்துக்கு ஏறி வரும்போது அதிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். கடலைப் பார்த்திராத எனக்கு அந்தத் தண்ணீர்தான் கடல் வாசம்.

அவர் மேற்குக் கரையில் ஒரு மீனவர் ஊர்க்காரர். அந்த ஊர் ஐஸ் தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை கிடைத்திருந்தது. இரண்டு வயது மகளோடு நானும் போவதா, தோட்டத்திலேயே மாமியோடு இருப்பதா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். அதனால் மீன் வாங்கும் சாக்கில் ஊரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பேன்.

அவர் செதில் சீவிக்கொண்டே சொல்வார். அவர் அப்பா காலத்துக் கரைத் தெருவைக் கடல் எடுத்துக்கொண்டதாம். அடுத்த தெரு கரைக்கு வந்தது. அதையும் கரைத் தெரு என்றே கூப்பிட்டார்கள். பழைய மாதா கோயில் இருந்த இடத்தில் இப்போது வள்ளம் ஓடுகிறது. அதைக் கடக்கும்போது இன்றைக்கும் தொப்பியைக் கழற்றுவார்கள். வீட்டுக் கதவு நிலையைக்கூட ஆணி அடிக்காமல் ஆப்பு வைத்துத்தான் நிறுத்துவார்கள், எடுத்துக்கொண்டு போக வசதியாக.

"நீங்க கதவக் கழட்டியிருக்கீங்களா அண்ணே?"

"அப்பா ஒருக்கா, நான் ஒருக்கா. அடுத்தது மகன்ட முறை."

"பயமா இல்லையா?" என்று மறுபடி கேட்டேன்.

"இவ மீனு வாங்க வரல, கடலையே வெல பேச வந்திருக்கா" என்றாள் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா.

மீன்கார அண்ணன் சிரிக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் றப்பர் மரங்களை வெட்டி மொட்டையாக்கியிருந்த சரிவைப் பார்த்தார். "மழைக்குப் பிள்ளைய எங்க படுக்க வைப்பீங்க?"

"பின் சுவரோரம். அங்கதான் ஒழுகாது."

"கடல் கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கும் தங்கச்சி. கதவக் கழட்ட நேரம் தரும். இந்த மல தருமா?"

எனக்குக் கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை அது. ஆனால் வீட்டுக்கு வந்து பின் சுவர் வெடிப்பில் விரலை வைத்தேன், ஈரமண் ஒட்டியது. அன்றைக்கே கணவரிடம் நாங்களும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. செய்தது சரிதானா என்று அலை பெரிதாகும்போதெல்லாம் யோசிக்கிறேன். மகளுக்கு அந்த யோசனை இல்லை, நண்டு பிடிக்கிறாள். மழை தொடங்கினால் தோட்டத்துக் கடைக்கு டெலிபோன் எடுத்து மாமியைக் கூப்பிடச் சொல்வேன். எங்களோடு வந்து இருங்கள் என்று கெஞ்சுவேன்.

"வர்றேம்மா" என்பார் மாமி. "இந்த மழ விடட்டும்."