விழிஞ்ஞம் கடலில் ஒரு மலை

எங்கள் வீட்டில் என் வேலைக்கு ஒரு அடைமொழி இருந்தது: டெம்பரரி. அனந்தபத்மநாபன் ஊரில், எங்கள் வலியசாலைத் தெருவில் யார் விசாரித்தாலும், “அவளா? ஏதோ டெம்பரரியா போயிண்டிருக்கா” என்பாள் அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்து போகிற மாதிரி. பம்பாயில் அக்கா உண்டானபோது அந்த அடைமொழி என் கழுத்துக்கே வந்தது. அக்காவும் அத்திம்பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பிறக்கப்போகும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். என்னைக் கேட்காமலேயே அந்த ஆள் நான்தான் என்று முடிவாகிவிட்டது.

“எத்தனை நாளைக்கு?” என்று கேட்டேன்.

“எல்லாம் கொழந்தை ஸ்கூலுக்குப் போற வரைக்கும்தான்” என்றார் அப்பா, சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வரச் சொல்வது போல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் படிப்பார். மத்தியானம், காலையில் விட்டுப்போன விளம்பரங்களைப் படிப்பார். அப்படிப்பட்டவருக்கு நேரம் இல்லையாம், எனக்கு இருக்கிறதாம்.

“எனக்கு ஆபீஸ் இருக்கே அப்பா.”

“டெம்பரரிதானேடீ. அவா உன்னைப் பெர்மனன்ட் ஆக்கட்டும், நான் அப்புறம் வாயே தொறக்கலை, கேட்டியா?”

அப்பாவிடம் ஒரு குணம் உண்டு. சொன்ன வார்த்தையை மாற்ற மாட்டார். அதை அவர் நேர்மை என்பார், அம்மா பிடிவாதம் என்பாள். எதுவானால் என்ன, நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு மாடியில், சாலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் படம் வரைந்து கொடுக்கும் சிறிய அலுவலகம். நடத்தியவர் அரசாங்க வேலையிலிருந்து வெளியே வந்த மலையாளி இன்ஜினியர். எல்லோருக்கும் அவர் சார். தொண்ணூறுகள் முடியப்போகிற அந்தச் சமயத்தில், சார் ஒரு கம்ப்யூட்டரும் அதில் நிலவரைபடம் போடும் மென்பொருளும் வாங்கினார். காகிதத்தில் உள்ள மலையையும் பள்ளத்தையும் அது அப்படியே திரையில் எழுப்பிக் காட்டும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். கல்லாற்று மலைப் பக்கத்திலிருந்து விழிஞ்ஞம் கடற்கரை வரை குடிநீர்க் குழாய் கொண்டு போக முடியுமா என்று பார்க்கும் வேலை ஒன்று அப்போது வருவதாக இருந்தது.

“மோளே, ஈ மேப்பு கம்ப்யூட்டர்ல நல்லா வந்து, வேலை நமக்குக் கிட்டினா, உன்னை பெர்மனன்ட் ஆக்கிடலாம்” என்றார் சார். “பேடிக்கண்டா. ஒக்கெ மானுவல்ல உண்டு.”

பயப்பட வேண்டாம், எல்லாம் அதில் இருக்கிறதாம். மானுவல் தலையணை கனம். தலையணையாகவே அது அதிகம் பயன்பட்டிருக்கும்.

கம்ப்யூட்டருக்குத்தான் அலுவலகத்திலேயே ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சார் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்த வரைபடத் தாள்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றியாயிற்று. அடுத்து, தாளின் நான்கு மூலைகளும் பூமியில் எங்கே இருக்கின்றன என்று அதற்குச் சொல்ல வேண்டும். அட்சரேகை எட்டு, தீர்க்கரேகை எழுபத்தேழு. நான் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். அனந்தபத்மநாபன் ஊர் மொத்தமும் வடதுருவத்துக்குக் கிட்டே போய் உட்கார்ந்துகொண்டது. ஏசி குளிருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வருவதற்குள் அன்றைய சாப்பாட்டு நேரம் போயிற்று.

மறுநாள் கோடு போட ஆரம்பிக்க வேண்டும். அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ராகுகாலம் கழிந்து ஆரம்பிக்கச் சொன்னார். வாசல் வரை வந்து, “பிள்ளையார் சுழி போட மறந்துடாதே” என்றார்.

“கம்ப்யூட்டர்ல எங்கேப்பா போடறது?”

“காகிதமானா என்ன, கம்ப்யூட்டரானா என்ன? ஆரம்பம் ஆரம்பம்தான்.”

ஆளைப் பம்பாய்க்கு அனுப்பவும் பார்க்கிறார், ஆரம்பம் நன்றாக இருக்கவும் பார்க்கிறார்! ஆனாலும் எனக்கும் உள்ளூரப் பயம். காகிதத்தில் வரையும்போதும் ஓரத்தில் பென்சிலால் சுழி போட்டுவிட்டு, கொடுப்பதற்கு முன்னால் ரப்பரால் அழிக்கிறவள்தான் நான். படத்தில் காலி இடம் தேடினேன். விழிஞ்ஞத்துக்கு வெளியே கடல்தான் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, மவுஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரு ‘உ’ போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். குளிரில் நடுங்கியவள் போட்டது போல இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் மவுஸைத் திட்டினேன்.

போட்டு முடித்ததும் திரையில் ஒரு பெட்டி எழும்பி, இந்தக் கோட்டின் உயரம் எத்தனை மீட்டர் என்று கேட்டது. அந்த மென்பொருளுக்கு அங்கே போடுகிற ஒவ்வொரு கோடும் ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்க்கும் உயரக்கோடுதான். காலியாக விட்டால் பெட்டி போக மாட்டேன் என்றது. பிள்ளையாருக்குப் பூஜ்யம் போடலாமா? நம்மவர்கள் மொய் எழுதினால்கூட ஒன்று சேர்த்துத்தானே எழுதுவார்கள்! ஆயிரத்தொன்று என்று அடித்தேன். பெட்டி திருப்தியாகப் போய்விட்டது. பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று படத்தைச் சுருக்கினேன். சுழி ஒரு கடுகாகி மறைந்தது, எனக்கும் அது மறந்து போயிற்று.

அதற்குப் பின் கல்லாறுதான் என் உலகம். அந்தப் பக்கம் மலை செங்குத்து, அதனால் பழுப்புக் கோடுகள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி நெருங்கிக் கிடந்தன. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் பக்கத்துக் கோட்டில் வந்து நிற்பேன். தவறி இரண்டு தரம் சொடுக்கினால் கோடு பாதியில் முடிந்துவிடும். ஒருநாள் எதையோ அழுத்தியதில் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஆறு, மலை, ஊர் எதுவுமே இல்லை. சார் எட்டிப் பார்த்து, “எந்தாயி?” என்றார். “மூடல்மஞ்சு சார்” என்றேன். கல்லாற்றுக்கு மேலே பொன்முடி மலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே பனிமூட்டம் சகஜம். சார் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மொத்தப் படத்தையும் திரும்பக் காட்டுகிற பொத்தான் ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் மானுவலில் கண்டுபிடித்தேன்.

கோடு எல்லாம் முடிந்ததும் மலைப் பக்கத்தை மட்டும் வெட்டி எழுப்பிப் பார்த்தேன். முழுப்படமும் எழுப்ப அந்த மெஷினுக்கு ஒரு பொழுது வேண்டும், கடலில் பார்க்க என்ன இருக்கிறது? கல்லாற்று மலைகள் கறுப்புத் திரையில் முதன்முதலாக எழுந்து நின்றபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தனையும் நான் போட்டவை.

குடிநீர் வேலைக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பெண். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கறாரான கண்ணாடி. சார் அவருக்காகப் பழம்பொரி, அதுதான் நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கி வைத்திருந்தார். முழுப்படமும் அன்று காலையில்தான் எழும்பி முடிந்திருந்தது. கல்லாற்றைக் காட்டினேன். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சாருக்கு முகமெல்லாம் பல். “இனி கடற்கரை காட்டு, மோளே” என்றார். படத்தைத் திருப்பினேன்.

விழிஞ்ஞத்துக்கு நேரே கடலுக்குள்ளிருந்து ஒரு மலை எழும்பி நின்றது. நடுவில் ஒரு கால் நட்டுப் பந்தல் துணியைத் தூக்கின மாதிரி, கரையிலிருந்தே கடல் சாய்வாக ஏறி, உச்சியில் போய் முடிந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நீலக்கோடு போட்டுக் காட்டும் வசதி வேறு அதில் இருந்தது. ஆறெல்லாம் கடலில் பிறந்து, விழிஞ்ஞம் வழியாக ஊருக்குள் பாய்ந்துகொண்டிருந்தன.

“அதெந்தா?” என்றார் மேடம்.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள், எனக்கு மலையாய் முடிந்திருந்தது. கண் முன்னால் பம்பாய் ரயிலே வந்து நின்றது.

சார் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். “அது கடலினுடெ அடியிலுள்ள பாறை, மேடம்.”

“அடியிலோ? ஆயிரம் மீட்டர் மேலெயல்லே நிக்குந்நது!” மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “என்ட வீடு விழிஞ்ஞத்தாணு. என்ட அப்பன் கடலில் போகுந்ந ஆளாணு. ஈ மலை எப்போ வந்நு?”

மீன் பிடிக்கப் போகிறவரின் மகளிடமா கடலைப் பற்றிக் கதை விடுவது! சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் டெம்பரரி வேலையே அன்றோடு சரி என்று இருந்தது. போகிறது போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“அது பாறையல்ல மேடம். கணபதியாணு.”

அப்பா சொன்னது, நான் சுழி போட்டது, பெட்டி உயரம் கேட்டது, பூஜ்யம் போட மனசு வராமல் ஆயிரத்தொன்று போட்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மேடத்தின் தோள் குலுங்கியது. கோபமாக்கும் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஞங்ஙளும் பரீட்சைப் பேப்பரில் ஆத்யம் குரிசு வரைக்கும். பட்சே, உயரம் கொடுக்கில்ல” என்றார்.

பரீட்சைத் தாளில் முதலில் சிலுவை போட்டாலும் அவர்கள் அதற்கு உயரம் கொடுப்பதில்லையாம். பிறகு சிரிப்பை நிறுத்தி, இதைச் சரி செய்ய எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்.

“இப்பவே பண்ணலாம் மேடம்.”

கடலுக்குள் போய்ச் சுழியைத் தேடிப் பெரிதாக்கினேன். அதே நடுங்கின உ. மேடம் குனிந்து பார்த்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிள்ளையாரை அழித்தேன். அப்புறம் கடற்கரைப் பக்கத்தை மட்டும் வெட்டித் திரும்ப எழுப்பச் சொன்னேன். மெஷின் உறுமிக்கொண்டே கிடந்தது. பழம்பொரி தீர்ந்தது, சாயா ஆறியது. நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்று நான் மானுவலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வழியாகப் படம் வந்தது. கடல் படுத்துக் கிடந்தது. ஆறுகளுக்குப் புத்தி வந்து கடலைப் பார்த்து ஓடின.

மேடம் விடவில்லை. கல்லாற்றில் அங்கங்கே விரல் வைத்து உயரம் கேட்டார், தாளோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. காகிதப் படத்தில் தப்பு ஒளிந்துகொண்டிருக்கும், குழாய் புதைத்த பிறகுதான் வெளியே வரும், இந்தத் தப்பு மலையாக வந்து முகத்துக்கு நேரே நின்றதே, அது போதும் என்றார். வேலையை இங்கேயே தருவதாகவும், ஆனால் அது முடியும் வரை இந்தப் பெண்தான் படத்தைப் பார்க்க வேண்டும் என்றும் சாரிடம் சொன்னார்.

சார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “இவள் நம்முடெ பெர்மனன்ட் ஸ்டாஃபல்லே, மேடம்!”

மேடத்தின் ஜீப் திருப்பத்தில் மறைவதற்குள் நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் பெயரைப் போட்டு, நிரந்தரம் என்று போட்டு, உத்தரவை நானே அடித்துச் சாரின் மேஜையில் கொண்டு போய் வைத்தேன். “எந்தா இது?” என்றார். “மேடத்துக்கிட்ட சொன்னேளே சார், அதைத்தான் அடிச்சிருக்கேன்” என்றேன். அவர் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். இனிமேல் தெய்வங்களைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்றார். தெய்வத்தையும் செருப்பையும் ஒன்றாகச் சொல்லிவிட்டோம் என்று உறைத்ததும் அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். “பாத்தியா, சுழியோட பலன்” என்றார் அப்பா. “அதை அழிச்சதுக்கப்புறம்தான் கெடச்சது” என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான், நான் பம்பாய்க்குப் போக வேண்டாம் என்றார். ஆனால் முகம் வாடிவிட்டது. அப்போ யார் போவது?

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் காகிதத்தை வாசிக்கச் சொன்னாள். இங்கிலீஷில் வாசித்து, தமிழிலும் சொன்னேன். “இன்னொரு தடவை வாசி” என்றாள். வாசித்தேன். என் பெயர் வருகிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

“நம்ம ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுங்கோ.”

“ரெண்டு பேருக்குமா? நான் வந்து என்ன பண்ணப் போறேன்?”

“நான் சமையலைப் பாத்துக்கறேன். நீங்க கொழந்தையைப் பாத்துக்கோங்கோ.”

“கொழந்தையைக் குளிப்பாட்டறதுக்கு எனக்கு என்னடீ தெரியும்?”

“இவளுக்கு மட்டும் என்ன தெரிஞ்சது? தப்புத் தப்பாப் பண்ணிக் கத்துக்கலையா? நீங்களும் கத்துக்கோங்கோ.”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.