பல்லி நுழையாத கேபினெட்

அந்த நாற்றம் முதலில் என் சாப்பாட்டிலிருந்து வருவதாகத்தான் நினைத்தேன். மேசையிலேயே தட்டை வைத்து, ஒரு கையால் சாப்பிட்டு, இன்னொரு கையால் மௌஸைப் பிடித்து வேலை செய்துகொண்டிருந்த மதியம் அது. சாம்பாரை முகர்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. சோற்றை முகர்ந்தேன். அதிலும் குற்றமில்லை. பிறகு குனிந்து, மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பக்கம் மூக்கைக் கொண்டுபோனேன். சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

ப்ராசசர் மேலிருந்த ஃபேனில் ஒரு பல்லி சிக்கிச் செத்திருந்தது. பாதி உடல் இறக்கைகளுக்கு நடுவே. மீதி பாதி சூட்டில் வெந்து, கீழே அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தது. முந்தின நாளிலிருந்து மெஷின் அணைந்து அணைந்து உயிர்பெற்றதற்கு வெயில்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுரண்டி எடுத்தேன். அப்போது கையில் பட்டதை இங்கே எழுத மாட்டேன். மூன்று நாள் அந்தக் கையால் சாப்பிடவில்லை, ஸ்பூன்தான்.

நான் இருப்பது உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் வழியில் ஒரு கிராமம். வேலை சென்னையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு. இன்னும் கட்டாத வீடுகளையும் மண்டபங்களையும் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவேன். படம் முழுதாக வர மெஷின் மணிக்கணக்கில் ஓட வேண்டும். அதை ரெண்டர் என்போம். ரெண்டர் நடுவில் நின்றால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். அந்தப் பல்லியால் ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரத்தில் படம் போய்ச் சேரவில்லை. என் மேலதிகாரி, குரலை உயர்த்தாமலேயே திட்டத் தெரிந்த பெண், போன் செய்தார். இன்னொரு தடவை நடுவில் நின்றால் நான் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்றார். அதற்கு அர்த்தம் சென்னையில் ஹாஸ்டல், வாரத்துக்கு ஒரு நாள் வீடு. மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. வேலையை விடவும் முடியாது, குழந்தையை விடவும் முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு செத்த பல்லி.

குற்றம் என்னுடையதும்தான். எங்கள் பக்கத்தில் கேபினெட்டுக்கு, அதாவது கம்ப்யூட்டர் பெட்டிக்கு, பக்க மூடி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வாங்கிய வாரமே கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, எதிரே ஒரு டேபிள் ஃபேனை வைத்துவிடுவார்கள். ஜெராக்ஸ் கடையிலும் அப்படித்தான், இ-சேவை மையத்திலும் அப்படித்தான். நானும் அதையே செய்திருந்தேன். நெல் காயும் மாதங்களில் தூசும் பதரும் உள்ளே போய் மெத்தை போட்டுவிடும். அந்த மெத்தையில், அந்தக் கதகதப்பில், பல்லிகள் குடும்பம் நடத்தும். மதர்போர்டு முழுக்கக் கறுப்புப் புழுக்கை, ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளைப் பொட்டு. பிரஷ்ஷால் தள்ளினால் பொடிந்து மூக்கில் ஏறும்.

விரட்டலாம் என்றால் என் மாமனார் விட மாட்டார். ஏர், டிராக்டர், மோட்டார் செட் எல்லாம் அறிந்த மனிதர். ஆனால் காலையில் பல்லி சொல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். அது சொன்னால் தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டுவார். எந்தத் திசையிலிருந்து சொன்னது என்று பஞ்சாங்கத்தைப் பார்ப்பார். அந்தப் பஞ்சாங்கத்தின் மேலேயே அது கழித்து வைத்திருக்கும். கட்டை விரலால் அதைத் துடைத்துவிட்டு, அதே கையால் இட்லியைப் பிட்டு வாயில் போடுவார். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. செத்த பல்லியைப் பார்த்ததும் அவர் நாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாராவது காஞ்சிபுரம் போய்ப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் தோஷம் குடும்பத்துக்கே என்றார்.

காஞ்சிபுரம் நான் போனேன். கோயிலுக்கு அல்ல, கம்ப்யூட்டர் கடைக்கு.

இனி ஃபேன் மட்டும் போதாது, தண்ணீரால் குளிர்விக்கும் கூலர் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். ப்ராசசர் மேல் ஒரு சின்ன பம்ப் உட்காரும். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். ரேடியேட்டர் ஏறக்குறைய ஒரு முழ நீளம், அதன்மேல் மூன்று ஃபேன். இது பழைய கேபினெட்டுக்குள் அடங்காது. ஆகவே புதுக் கேபினெட். கூலரை ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டேன். கேபினெட்டுக்குத்தான் அரை நாள் ஆனது, காரணம் என் கைப்பையில் இருந்த பல்பம்.

மகளின் சிலேட்டுப் பல்பம் அது. புதிதாகப் பிறந்த பல்லிக்குட்டியின் தலை ஏறக்குறைய அந்தக் கனம்தான் இருக்கும். பல்பம் நுழையும் ஓட்டை எதுவும் என் பெட்டியில் இருக்கக் கூடாது.

கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. தண்ணீர் ஓடும் அழகை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்றார். குழாய் கறுப்பு ரப்பர், உள்ளே தண்ணீர் ஓடுகிறதா மோர் ஓடுகிறதா என்று யாருக்குத் தெரியப்போகிறது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், விரலே போகும் அளவுக்குச் சல்லடை. வேண்டாம் என்றேன். அடுத்ததில் ஓட்டைகள் பரவாயில்லை. ஆனால் ரேடியேட்டரை மேல்பக்கம் வைத்தால் ஃபேன்கள் மதர்போர்டின் தலையில் இடித்தன. முன்பக்கம் வைக்கலாமே என்றார் அவர். முன்பக்கம்தான் காற்று உள்ளே வரும் வாசல், தெருவில் காயும் நெல்லின் தூசு முழுக்க ரேடியேட்டரில் போய் அடையும். அதோடு காற்றுக் குமிழி பம்புக்கு வராமல் இருக்க ரேடியேட்டர் மேலே இருப்பதுதான் நல்லது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். பல்பத்தால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திப் பார்க்கும் என்னை அங்கே வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எதற்கு மேடம் என்று கடைக்காரர் கேட்டார். பல்லி என்றேன். அவர் தன்னுடைய கவுண்டர் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கும் பக்க மூடி இல்லை.

கடைசியில் குடோனிலிருந்து ஒரு பழைய மாடலைத் தூசு தட்டிக் கொண்டுவந்தார். முன்னால் பொடிக் கண் வலை, மேலே ரேடியேட்டருக்குத் தாராளமான இடம், ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. அந்தக் கண்ணாடி எனக்குப் பிடித்தது, உள்ளே ஒன்றும் இல்லை என்று தினமும் பார்த்து நிம்மதியடையலாம். ஒரே ஒரு குறை. ரேடியேட்டரை வெளியே மாட்டும் வழக்கம் இருந்த நாளில், குழாய் நுழைப்பதற்காகப் பின்பக்கம் விட்ட இரண்டு வட்ட ஓட்டைகள். பல்பம் தாராளமாகப் போய் வந்தது. அடைத்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் ஒரு நாள் முழுக்க அதே வேலை. அந்த இரண்டு ஓட்டைகளின் மேலும் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டினேன். காற்று போகிற மற்ற இடங்களுக்கெல்லாம் ஜன்னலுக்கு அடித்தது போக மீதியிருந்த கொசு வலையை ஒட்டினேன். பழைய மெஷினிலிருந்து மாற்ற வேண்டிய பாகங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். எஸ்.எம்.பி.எஸ். என்கிற கரண்ட் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. ஆஃப் செய்தாலும் உள்ளே ஷாக் இருக்கும் என்பார்கள். வெளியிலிருந்து பலமாகக் காற்றடித்துவிட்டு அப்படியே மாட்டினேன்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் நிம்மதி. மெஷின் சூடாகவில்லை, சத்தமில்லை, நாற்றமில்லை. மாமனார்தான் வாசலில் நின்று கேபினெட்டை முறைத்துக்கொண்டு, பல்லி வராத வூடு இன்னா வூடு என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய புழுக்கைச் சாம்ராஜ்யத்தில் ஒரு சதுர அடியாவது என் கைக்கு வந்துவிட்டது என்ற திமிர் எனக்கு.

பிறகு அந்த மண்டபத்து வேலை வந்தது. ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நடந்து போவதுபோல் வீடியோ. இரண்டு நாள் ரெண்டர். இது எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் நான் வீட்டிலிருந்தே செய்வதா இல்லையா என்று முடிவு செய்யப்போவதாக மேலதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். இரண்டாவது நாள் காலை, இன்னும் நான்கு மணி நேரம் பாக்கி. மாமனார் வெளியே ரோட்டில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். நான் காபியோடு வந்து, வழக்கம்போல் கண்ணாடிக்குள் பார்த்தேன்.

கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு பல்லிக்குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வயிறு என் பக்கம். தீக்குச்சி நீளம்கூட இல்லை. தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே கறுப்பாக ஏதோ இருப்பது வெளியே தெரிந்தது, அது துடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று தண்ணீர்க் குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது. கீழே, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து ஒயர்கள் வெளியே வரும் சந்தில், உடைந்த வெள்ளை ஓடு ஒன்று பயறு அளவில் நீட்டிக்கொண்டிருந்தது.

காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியாது. பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. முட்டையோடு நானே கொண்டுவந்து, கதகதப்பாக வைத்து, சுற்றிலும் வலை கட்டி வளர்த்திருக்கிறேன். இப்போது அதுங்கள் ஃபேனில் சிக்கினால் மறுபடியும் அதே கதை. மெஷினை அணைத்தால் ஹாஸ்டல்.

மாமனார் என் ஓங்கரிப்புச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். தோஷம், காஞ்சிபுரம் என்று ஆரம்பிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தடவினார். நான் ஒட்டிய வலைகளையும் டியூபையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இதுங்கோ எப்டிம்மா வெளிய போவும்? நீ வயியே வெக்கலியே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

மெஷின் ஓடும்போதே கண்ணாடியைக் கழற்றலாம். கழற்றினேன். கண்ணாடியில் இருந்த குட்டி, வெளியே வருவதற்குப் பதில் உள்ளே தாவி மதர்போர்டுக்கு ஓடியது. மாமனார் கையை நீட்டினார். கொஞ்ச நாளாகவே அவர் கை நடுங்கும். ஒயர்களுக்கு நடுவே அந்தக் கையை விட்டால் எதையாவது பிடுங்கிவிடுவார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையை இழுத்துக்கொண்டார்.

"என் கை ஆடுது. நீயே புடிம்மா."

நான் பிடித்தேன். ஜில்லென்று, எலும்பே இல்லாததுபோல் ஒரு வழவழப்பு. இரண்டு விரலுக்குள் அது துடித்தபோது முதுகெலும்பு வரைக்கும் கூசியது. வெளியே இழுத்து மாமனாரின் உள்ளங்கையில் போட்டேன். வால் மட்டும் என் விரலிலேயே தங்கிவிட்டது, தனியாகச் சுழன்றுகொண்டு. அதை உதறிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது குட்டி அதற்குள் குழாய் வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேலே ரேடியேட்டரின் ஃபேன்கள். கையை நீட்டியிருந்தால் ஒருவேளை எட்டியிருக்கும். அந்த வால் இன்னும் என் விரலில் துடிப்பதுபோலவே இருந்தது. நான் நீட்டவில்லை. டப் என்று ஒரு சின்ன சத்தம் கேட்டது.

ஃபேன் நிற்கவில்லை. கொஞ்சம்கூட வேகம் குறையவில்லை. திரையில் ரெண்டர் போய்க்கொண்டே இருந்தது.

மாமனார் கையில் இருந்த குட்டியை மூடிப் பிடித்தபடி எழுந்து வெளியே போனார். சுவரோரம் விட்டிருப்பார். அதற்குப் பிறகு நெல்லைத் துழாவப் போய்விட்டார். தோஷம் என்றோ பாவம் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

வீடியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அருமை, இனிமேல் வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்று மேலதிகாரி செய்தி அனுப்பினார். மகள் மடியில் வந்து உட்கார்ந்தபோது அவளைத் தொடக் கூசி, மறுபடியும் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அது எத்தனையாவது தடவை என்று தெரியாது. பிறகு மெஷினை அணைத்துவிட்டு, பட்ஸில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஃபேன் இறக்கையைத் துடைத்தேன். கடுகளவு கறைதான் இருந்தது. வழக்கம்போல் குமட்டும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். குமட்டியது. ஆனால் இந்தத் தடவை அந்தக் கறையைப் பார்த்து அல்ல. பழைய ஃபேன் ஒரு பல்லிக்காக நின்றது. இது நிற்கவில்லை. நிற்காது என்பதற்காகத்தான் நான் இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினேன்.

கேபினெட்டைத் திருப்பி, பின்பக்கத்து வட்ட ஓட்டைகளின் மேல் ஒட்டியிருந்த சைக்கிள் டியூபை நகத்தால் பிய்த்து எடுத்தேன். மகளின் பையிலிருந்து பல்பத்தை எடுத்து ஓட்டைக்குள் ஒரு தடவை விட்டுப் பார்த்தேன். போய் வந்தது.