பத்தோடு நிற்காத ஆக்ஸிலியா

பெருமாள்மலை பேரிக்காய்க் கிடங்கில் பதினாறு வருடங்களாகப் பழம் எண்ணுகிறாள் ஆக்ஸிலியா. வலக்கைக் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு ஓடும். பன்னிரண்டு ஆனதும் இடக்கையில் ஒரு கணு நகரும்.

கணவன் போன பிறகு, முப்பத்தெட்டு வயதில், கொடைக்கானலில் கணினி டிப்ளமோவில் சேர்ந்தாள். சி மொழி செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறையும் தோற்றால் பெயரையே நீக்கிவிடுவார்கள்.

அந்த மூன்றாம் முறை வந்தது. கொடுத்த எண்ணை இரண்டு, எட்டு, பதினாறு ஆகிய அடிமானங்களுக்கு மாற்ற வேண்டும். லேப் புத்தகத்தில் மூன்றுக்கும் தனித்தனி ஃபங்ஷன், அதாவது தனித்தனி நிரல்துண்டு. இவளோ ஒன்றே ஒன்று எழுதியிருந்தாள்.

தேர்வாளர் ராஜமுருகன் திரையைப் பார்த்ததுமே சிவப்புப் பேனாவைத் திறந்தார். "மீதி ரெண்டு எங்கம்மா?"

"ஒண்ணு போதும் சார். அடிமானத்தால வகுக்கணும், மீதிய எடுத்து வைக்கணும். எந்த அடிமானம்னாலும் அதே சோலிதான?"

"புத்தகத்துல இல்லையே!"

"ஓட்டிப் பாக்காமலே தப்புன்னு சுழிக்காதீங்க சார்."

அறையே திரும்பிப் பார்த்தது. அவள் படிவத்தைப் பார்த்து அவர் சிரித்தார். "பழம் எண்ணுறவங்கதான நீங்க? டஜன்ல ஓட்டுங்க. நூத்து நாப்பத்து மூணு, அடிமானம் பன்னெண்டு."

திரையில் BB என்று வந்தது.

"எண்ணு கேட்டா எழுத்து வருது!"

"பதினொண்ண ஒரே எலக்கமா எழுதணும்ல சார்? பத்துக்கு A, பதினொண்ணுக்கு B. பதினாறுக்கு உங்க புத்தகமும் இதே எழுத்தத்தான போடுது?" இரண்டு கைகளையும் விரித்தாள். கட்டைவிரல்கள் இரண்டும் பதினோராவது கணுவில் நின்றன. "இடக்கையில பதினோரு டஜன், வலக்கையில பதினொண்ணு. கூட்டிப் பாருங்க."

அவர் முகம் சிவந்தது. குனிந்து தானே ஒரு பூஜ்யத்தை அடித்தார். திரை வெறுமையாகக் கிடந்தது. ஐயோ!

"முடிஞ்சுதா?"

"முடியல. காலிப் பெட்டிக்கும் பூஜ்யம்னு சீட்டு ஒட்டுறவ நான், இங்க விட்டுட்டேன். தப்பு என்னுதுதான். இன்னும் ஒம்பது நிமிஷம் கெடக்கு சார்."

வகுத்தலைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழல், எண் பூஜ்யமா என்று முதலிலேயே சோதித்தது; அதைக் கடைசியில் சோதிக்கும்படி மாற்றினாள். ஒரு முறையாவது இனி அது ஓடியே தீரும். மறுபடி ஓட்டினாள். திரையில் 0.

ராஜமுருகன் குரலைத் தாழ்த்தினார். "மூணையும் தனித்தனியா எழுதிருங்க. பாஸ் போட்டுடுறேன்."

இருபத்திரண்டு மாதக் கனவு ஒரு தலையசைப்பில் கைக்கு வந்துவிடும்! ஆக்ஸிலியாவின் கண்கள் நிறைந்தன. தலை மட்டும் அசையவில்லை.

"இதுக்கே போடுங்க சார். இல்லன்னா, இது எதனால தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் சிவப்புப் பேனாவைத் தாளில் ஊன்றினார். காரணம் என்று எழுத அவருக்கு ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணை எழுதினார். தேர்ச்சி.