மலிவான துவக்கு ஒன்றைத் தெரிந்தெடுத்தது

எங்கள் வீட்டில் துவக்கு, அதாவது வேட்டைத் துப்பாக்கி, வாங்க ஆசைப்பட்டவர் என் கணவர். ஆனால் அதற்கான அனுமதி அட்டை கிடைத்தது எனக்கு.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் அவர் நகர பஸ் ஓட்டுகிறார். அதே கராஜில் வேலை செய்யும் மட்டக்களப்பு அண்ணை ஒருவர் ஒவ்வொரு கார்த்திகையும் வடக்கே காட்டுக்குப் போய் மான் வேட்டையாடுவார். ஒருமுறை எங்களுக்கும் ஒரு பங்கு இறைச்சி கொண்டுவந்து தந்தார். நான் மிளகு கூடப் போட்டுப் பிரட்டல் வைத்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட கை காய முன்னமே கணவருக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்துவிட்டது.

துவக்கு வாங்குவதற்கு முதலில் ஒரு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், சனி ஞாயிறில் அது நடந்தது.

"தனியப் போக வெக்கமா இருக்கு. நீரும் வாருமன்" என்றார்.

"எனக்கென்னத்துக்கு உந்தத் துவக்கு?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, போனேன். அதுவரை நான் துவக்கின் வாய்ப்பக்கத்தை மட்டுமே பார்த்தவள். யுத்த காலத்தில் ஊரில் சோதனைச் சாவடிகளில் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்பக்கம் நின்று பிடித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு குறுகுறுப்பு எனக்குள் இருந்திருக்க வேண்டும்.

எழுத்துச் சோதனையில் இருவரும் பாஸ். செய்முறைச் சோதனையில்தான் சறுக்கியது. கையில் துவக்கை வைத்துக்கொண்டு, ஏதோ சந்தேகம் கேட்பதற்காகக் கணவர் பயிற்றுநர் பக்கம் திரும்பினார். துவக்கும் கூடவே திரும்பியது. பயிற்றுநர் இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கி, "ஐயா, நீங்கள் இப்போது என்னைக் கொன்றுவிட்டீர்கள்" என்றார். அத்தோடு சோதனை முடிந்தது. அடுத்ததாக நான் போனேன். பயம் இருந்ததால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன்.

சில மாதம் கழித்துத் தபாலில் என் அட்டை வந்தது. கணவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"படத்தில சிரிச்சிருக்கலாம்" என்றார்.

அவர் திரும்பச் சோதனை செய்ய இடம் கிடைக்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அட்டை உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் அட்டை இல்லாதவரும் சுடலாம். என் மேற்பார்வையில் என் கணவர்! இதைக் கேட்டு மட்டக்களப்பு அண்ணை ஃபோனில் சிரித்த சிரிப்பு அடுத்த அறைக்குக் கேட்டது.

சிரித்து முடித்துப் புத்திமதியும் சொன்னார். "தங்கச்சி, தொடக்கத்துக்கு லீவர் துவக்கு ஒண்டு காணும். விலை கூடினது வேணாம். ஆனா மலிவில எடுக்கிற எண்டா ஆறுதலா, அவசரப்படாமப் பாருங்க. மரமும் இரும்பும் சேருற இடத்தத் தடவிப் பாருங்க. லீவர ஆட்டிப் பாருங்க. ஆணித் தலை சிதைஞ்சிருக்கா எண்டு பாருங்க. மறுகா, குழலப் பின்னுக்கு நிண்டு பாருங்க, எல்லாம் நேரா நிக்குதா எண்டு."

லீவர் துவக்கு என்றால், விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கையால் முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். பார்ப்பதற்கு வடிவான சாமான்.

கடை ஸ்ரௌவ்வில் என்ற சின்ன ஊரைத் தாண்டி, புது வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா நடத்திக்கொண்டிருந்தார். உள்ளே போனதும் அவர் என் கணவரைப் பார்த்துத்தான் "என்ன வேண்டும்?" என்று கேட்டார். கணவர் என்னைக் காட்டினார். நான் அட்டையைக் காட்டினேன். அவர் ஒரு புருவத்தை உயர்த்தினார். அதற்குப் பிறகு என் கணவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

மலிவு வகையில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றும் வெறுமையாக இருக்கிறதா என்று திறந்து காட்டி, ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார்.

முதலாவதன் லீவர் லொடலொடவென்று ஆடியது. மூடி வைத்தாலும் பக்கவாட்டில் அசைந்தது. இரும்பில் அரம் போன தடம் அப்படியே தெரிந்தது. மூன்றாவது ஒரு களையில்லாத துவக்கு. மரம் பழைய மேசைக்கால் மாதிரி வெளிறிக் கிடந்தது. ஆனால் நடுவில் இருந்தது! சிவப்போடிய பழுப்பு மரம், தேன் ஊற்றினது போல வரிகள், மினுமினுவென்று எண்ணெய்ப் பூச்சு. அதைக் கையில் எடுத்த கணத்திலேயே அண்ணை சொன்ன புத்திமதி முழுக்கத் தலையை விட்டு இறங்கிப் போய்விட்டது.

"உது நல்ல வடிவு" என்றேன்.

"நீர் சொன்னால் சரி" என்றார் கணவர்.

லீவர் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. "புதுசு, பழகப் பழகச் சரிவரும்" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூறைச்சீலை எடுக்கப் போனவள் மாதிரி மரத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். வாங்கிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு அண்ணை எங்களைத் தன்னுடைய சுடுகளத்துக்குக் கூட்டிப்போனார். காதடைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, மேசையில் முழங்கையை ஊன்றிச் சுட்டேன். முதல் வெடி காதடைப்பானையும் தாண்டிக் கேட்டது. பழைய பயம் ஒன்று வருமென்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது சிரிப்புத்தான். ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் குண்டுகள் எல்லாம் இலக்கின் இடது ஓரத்திலேயே போய் விழுந்தன.

"விசைய வெடுக்கெண்டு இழுக்கிறீங்க, தங்கச்சி. மெல்லமா அமத்துங்க" என்றார் அண்ணை.

மெல்ல அமத்தினேன். இடது ஓரம்.

"தாரும் பாப்பம்" என்று கணவர் வாங்கினார். நான் சட்டப்படி அவருடைய தோளோடு ஒட்டி நின்று மேற்பார்வை செய்தேன். "விரலை வெளியில வையுங்கோ. அங்கால திருப்பாதேங்கோ. மூச்சை விடுங்கோ." கல்யாணம் கட்டிய நாளில் இருந்து நான் சொன்னதை எல்லாம் அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான். அவருடைய குண்டுகளும் இடது ஓரம்.

அண்ணை தானே தோட்டாக்களைத் துவக்கின் பக்கவாட்டில் இருக்கும் துவாரத்தால் ஏற்றினார். அந்தத் துவாரத்தின் விளிம்பு கூராக இருந்து அவருடைய பெருவிரலைக் கீறிவிட்டது. "ஆக்கள் அரம் போட மறந்துட்டானுகள்" என்று விரலைச் சூப்பிக்கொண்டே சுட்டார். இருபது வருடமாக மான் சுடுகிற மனிதர். அவருக்கும் இடது ஓரம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். கண்ணாடிச் சட்டத்தை ஆளின் முகத்தில் வைத்து, ஒரு பக்கம் ஏறியிருக்கிறதா, காது பிடிக்கும் கம்பி கோணியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வதுதான் நாள் முழுக்க என் தொழில். துவக்கைத் திறந்து வெறுமையாக்கி, மேசையில் நேராக வைத்து, பின்னால் குனிந்து பார்த்தேன். குழலின் நுனியில் குறி பார்ப்பதற்கென்று ஒரு சின்ன முள் நிற்கும். அது வலப்பக்கம் சரிந்து, தலையைச் சாய்த்துக் கதை கேட்கிற பிள்ளை மாதிரி நின்றது. அந்த முள்ளை நம்பிக் குறி பார்த்தால் குழல் இடப்பக்கம்தான் போகும்.

"இதைக் கடையிலேயே பாத்திருக்கலாமே!" என்று நான் தலையில் கைவைத்தேன்.

"நீர் மரத்தையெல்லோ பாத்தனீர்" என்றார் கணவர். அண்ணைக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

திரும்பவும் கடைக்குப் போனோம். அந்த அம்மா, "சுட்ட துவக்கை நாங்கள் வழக்கமாகத் திருப்பி எடுப்பதில்லை" என்று தொடங்கினார். நான் சண்டை பிடிக்கவில்லை. "ஒருதரம் பின்னால் நின்று பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் துவக்கைப் பிடிகருவியில் பூட்டி, தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அந்தக் கண்ணாடியும் ஒரு பக்கம் கோணித்தான் இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. "தரலாமா?" என்று வாங்கி, கம்பியை இரண்டு விரலால் வளைத்துச் சரிசெய்து கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். திரும்பத் துவக்கைப் பார்த்தார்.

"ஐயையோ, இப்போதுதான் தெரிகிறது. நன்றாகச் சாய்ந்திருக்கிறது" என்று வாய்விட்டுச் சிரித்தார். மாற்றித் தரச் சம்மதித்தார்.

இந்தமுறை நான் அவசரப்படவில்லை. முன்பு களையில்லை என்று தள்ளிவைத்த அந்த மூன்றாவது வகையைக் கேட்டேன். அதிலே இருக்கிறதையெல்லாம் எடுத்துத் தரச் சொன்னேன். உள்ளே இருந்து நாலு வந்தது. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டி. ஆனால் நாலும் நாலு விதம். ஒன்றில் மரம் இரும்பை விட மயிரிழை உயர்ந்து நின்று நகத்தில் தட்டியது. ஒன்றில் ஆணித்தலை பிய்ந்திருந்தது. ஒன்றின் லீவர் பாதி வழியில் மணல் அரைபடுகிற மாதிரிக் கரகரத்தது. விலை கூடின சாமானில் யாரோ ஒருவர் எங்களுக்கு முன்பே இதையெல்லாம் பார்த்துக் கழித்திருப்பார். மலிவில் அந்த வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

கணவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. "இஞ்சேரும், துவக்குக் கடையில வந்து முருங்கைக்காய் முறுக்கிப் பாக்கிறீர்" என்று காதுக்குள் சொன்னார்.

"முறுக்கிப் பாக்காமல் வாங்கினதாலதான் திரும்பி வந்து நிக்கிறம்."

நாலாவதை மூடியபோது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், வீட்டுக் கதவு ஒழுங்காகப் பூட்டிக்கொள்கிற மாதிரி. விரலை விட்டுத் துவார விளிம்பைத் தடவினேன், கீறவில்லை. கடைசியாகப் பின்னால் நின்று பார்த்தேன். முள் நிமிர்ந்து நின்றது. மரம் மட்டும் அதே வெளிறல்தான். அதை எடுத்துக்கொண்டோம்.

கணவர் இரண்டாம் தரம் பாஸ் பண்ணினார். அட்டை வந்த அன்று றிச்மண்ட் ஹில் கோவிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். மான் சுடப் பிள்ளையாரிடம் வேண்டுவது சரியா என்று நான் கேட்டேன். "சோதனை பாஸ் பண்ணினதுக்குத்தான்" என்றார்.

அந்தக் கார்த்திகையில் நானும் அவரும் மற்ற வேட்டைக்காரரின் கண்ணில் படும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணை காட்டிய மரத்தடியில், விடிந்தும் விடியாமலும் இருக்கும் நேரத்தில் குந்தியிருந்தோம். குளிர் காலுறைக்குள் ஏறியது. வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில், பைன் மரங்களுக்கு இடையில் இருந்து ஒரு கொம்பன் மான் ஓசைப்படாமல் வெளியே வந்தது. நான் துவக்கைத் தூக்கினேன். முள்ளின் நுனியில் அதன் தோள் வந்து உட்கார்ந்தது. அது காதை மட்டும் அசைத்தது. நான் சுட்டிருப்பேனா, தெரியாது. அந்தக் கணத்தில் கணவர் பெரிதாகத் தும்மினார். மான் போன திசையில் ஒரு மரக்கொப்புத்தான் ஆடியது.

"வேணுமெண்டே தும்மினீங்களோ?" என்று கேட்டேன்.

"நான் ஏன் வேணுமெண்டு தும்மப் போறன்? குளிர்" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. பிளாஸ்கில் இருந்த இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றி இருவரும் குடித்தோம். மத்தியானம் அண்ணை ஒன்றைச் சுட்டார். இழுத்துவரக் கைகொடுத்தோம், பங்கும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் பழைய பேப்பர் விரித்து, கணவரும் நானும் துவக்கை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் இறைச்சி கொதித்தது. பல்கலைக்கழகத்தால் வீடு திரும்பிய எங்கள் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சி, "அது என்ன கறி? எனக்கும் வேணும்" என்றாள்.

"கையைக் கழுவிப்போட்டு வா" என்றேன்.