முகப்பூச்சு வாங்கிக்கொள்ள ஆள் தேடியது

யாருக்கும் வேண்டாத பொருளை, வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளும் ஆளைத் தேடிப் பிடிப்பது ஒரு தொழில். கள்ளக்குறிச்சியில் ஆறு ஆண்டுகள் நான் அதைச் செய்து சம்பளம் வாங்கினேன். தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையில் இருந்த எங்கள் தலைமை அலுவலகம், அடுக்குமாடி வீடுகளிலும் கடைகளிலும் மிஞ்சிய அழகுப் பொருட்களையும் குளியலறைப் பொருட்களையும் திரட்டும். சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவை வழியிலேயே வேறு மாவட்டங்களில் இறங்கிவிடும். கடைசியில் இருந்த எங்களுக்கு வந்து சேர்பவை சிவப்பழகு க்ரீம், வாசனைத் திரவியம், உதட்டுச் சாயம். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், உதட்டுச் சாயத்துக்கு உதடு தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு மார்கழியை மட்டும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு மாதம் வாய்த்திருக்கும்.

மலையிலிருந்து ஒரு கோரிக்கை

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, ஒரு பெண்கள் விடுதி இருந்தது. அதன் காப்பாளர் பச்சையம்மாள் மார்கழி முதல் வாரத்தில் பேருந்து பிடித்துக் கீழே வந்தார். விடுதியின் அறுபத்து நான்கு பிள்ளைகளுக்கும் சொறி. சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்துவிட்டார்கள். ஆனால் அனைவரும் ஒரே நாளில் பூசி, மறுநாள் தேய்த்துக் குளித்து, துணி, பாய், போர்வை எல்லாவற்றையும் சேர்த்துத் துவைத்தால்தான் அது நிற்கும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். அதற்கு மூட்டைக் கணக்கில் சோப்பு வேண்டும்.

அவரை உலுக்கியது அந்த அறுபத்து நான்கில் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பு அலமேலுவுக்குச் சொறி புண்ணாகிவிட்டதால், விடுதியில் நோய் அடங்கும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று மருந்தோடு அனுப்பிவிட்டார்கள். பொங்கல் முடிந்ததும் அவளுடைய பெற்றோர் மிளகு பறிக்கக் குடகுக்குப் புறப்படுவார்கள். அதற்குள் அவள் விடுதிக்குத் திரும்பாவிட்டால் அவர்களோடு போய்விடுவாள். அப்படிப் போனவர்களில் மீண்டும் புத்தகம் எடுத்த ஒரு பெண்ணையும் பச்சையம்மாள் கண்டதில்லை. நான் அவரைப் பின்கட்டு அறைக்கு அழைத்துச் சென்று எங்கள் இருப்பைக் காட்டினேன். கூரைவரை பெட்டிகள். ஒவ்வொரு குப்பியாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல எதுனா ஒண்ணு நுரை வருமா மேடம்?"

சென்னையின் நியாயம்

என் சம்பளத்தில் சோப்பு வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாங்கிக் கொடுத்தேன். அறுபத்து நான்கு பேருக்கு அது நான்கு நாள் கை கழுவப் போதும். விடுதி முழுவதையும் ஒரே நாளில் துவைக்கப் போதாது. சென்னைக் கிடங்கிலோ ஒரு தொழிற்சாலை கொடுத்த சோப்பு, பெட்டி பெட்டியாக இருப்பதாக எனக்குத் தெரியும். இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தேன். சொறி, மருந்து, அலமேலு, பொங்கல் எல்லாவற்றையும் முறையாக எடுத்துரைத்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பவர்களிடம்தான் நான் எப்போதும் தோற்றிருக்கிறேன். இருப்பு உள்ள கிளைக்குப் புதிய சுமை இல்லை என்பது விதி. குப்பையில் கொட்டக் கூடாது என்பதும் விதி. ஒவ்வொரு பெட்டிக்கும் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து வேண்டும், புகைப்படமும் வேண்டும். ஆகவே ஒரு பெண்ணுக்குச் சோப்பு போக வேண்டுமானால், நாற்பது பெட்டி க்ரீமுக்கு முதலில் முகங்கள் கிடைக்க வேண்டும். இயக்குநர் சொன்னார்: "ரூமை முதல்ல காலி பண்ணுங்கம்மா, நீங்க ரசீது அனுப்பின மறுநாளே உங்க சோப்பு வண்டியில ஏறிடும்."

சின்னசேலத்தில் தேதி பார்த்தவர்

சின்னசேலத்தில் ஒரு பெண் அழகு நிலையம் வைத்திருந்தார். மாலையில் ஏழைப் பெண்களுக்கு அந்தத் தொழிலைக் கற்றும் கொடுத்தார். பழகுவதற்குப் பொருள் இலவசமாகக் கிடைத்தால் வேண்டாம் என்பாரா என்று எண்ணி, வாடகை வண்டியில் பன்னிரண்டு பெட்டிகளோடு போய் இறங்கினேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தேநீர் வரவழைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குப்பிகளின் அடியைப் பார்க்கத் தொடங்கினார்.

பாதிக்கு மேல் தேதி முடிந்தவை. அதுவரை நான் அடியைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. இதை இங்கே ஒளிக்காமல் எழுதுவதற்குக் காரணம், படித்தவள் என்ற பெயர் எனக்கு இருந்தது என்பதே. பயிற்சிக்குத்தானே, ஒருவர் முகத்தில் மற்றவர் பூசிப் பழகட்டுமே என்று நான் ஏதோ சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் கோபம்கூட இல்லை. "எங்கிட்ட கத்துக்க வர்ற பொண்ணுங்க ஏழைங்கதான் மேடம், ஆனா தேதி போன க்ரீமு அவங்க மூஞ்சில மட்டும் எரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

களமருதூரில் புகைப்படம்

தேதி முடியாதவற்றைப் பிரித்தெடுத்தேன். வெளிநாட்டு எழுத்துப் போட்ட மூன்று பெட்டிகளைத் தள்ளிவைத்தால், எட்டுப் பெட்டி தேறியது. எட்டும் சிவப்பழகு க்ரீம். களமருதூர்ப் பக்கம் நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் அமர்ந்து சோறு உண்டுகொண்டிருந்தார்கள். நாளெல்லாம் வெயிலில் குனிந்து நிற்பவர்களிடம் சிவப்பழகைக் கொண்டுபோவதன் ஆபாசம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது.

அவர்கள் மறுக்கவில்லை. ஒருத்தி குழாயைப் பிதுக்கி முகர்ந்தாள். "இன்னாக்கா இது, வெள்ளையானா கூலி ஜாஸ்தியா குடுப்பாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். "உனுக்குக் குடுப்பாங்க, போடி. இது கால் வெடிப்புக்கு ஆவும், எட்த்து இடுப்புல சொருவு" என்றாள் அவள். கைநாட்டுகள் விழுந்தன. புகைப்படம் எடுக்கும்போது, குழாயை முகத்துக்கு அருகில் பிடித்துச் சிரிக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து வந்த அறிவுரையைச் சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை. நான் இரண்டாம் முறையும் கேட்டேன். கடைசியில் இருந்தவள் வெற்றிலைக் கறை படிந்த வாயைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "சிரிக்கச் சொல்றீங்களே, பல்லு வெளக்குறதுக்கு எதுனா இருக்குதா அந்தப் பொட்டியில?"

திருக்கோவிலூரில் என் குற்றம்

திருக்கோவிலூரில் ஆதரவற்ற பெண்களுக்கான ஓர் இல்லம் இருந்தது. அங்கே மூன்று பெட்டிகளைக் கொடுத்தேன். வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்து பிரிக்காமல் வைத்திருந்தவை. தேதி இருந்தது, எழுத்துதான் எனக்குத் தெரியாத மொழியில் இருந்தது. என்ன இது என்று கேட்டார்கள். க்ரீம் என்றேன். நான்காம் நாள் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. அது முடி நீக்கும் க்ரீம். முனியம்மா என்பவர், தலை அரிக்கிறது என்று அதை நெற்றிக்கு மேலே அள்ளித் தேய்த்திருந்தார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்னந்தலையில் ஒரு கையகலம் வழுக்கை. தோல் கன்றிச் சிவந்திருந்தது. இதை வேறொருவர் செய்திருந்தால் அலட்சியம் என்று எழுதியிருப்பேன். என் விஷயத்திலும் அதற்கு அதுதான் பெயர். மன்னிப்புக் கேட்டேன். மிஞ்சிய குழாய்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கழிவறைக் குழியில் பிதுக்கிக் கொட்டினேன். கொட்டக் கூடாது என்ற விதியை நான் மீறியது அந்த ஒருமுறைதான். முனியம்மா வைத்த கைநாட்டைச் சென்னை ஏற்றுக்கொண்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மொட்டை போடுறேன்னு வேண்டிக்கினு எட்டு வருசமா போவ முடியல, பாதி வேண்டுதல நீயே முடிச்சிட்ட, மீதிப் பாதிக்கு எப்பம்மா வருவ?"

பயனாளிகள்

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. தேதி முடிந்த இருபத்தொன்பது பெட்டிகளும் அறையிலேயே இருந்தன. கள்ளக்குறிச்சியில் சவப்பெட்டியும் குளிர்பெட்டியும் வாடகைக்கு விடும் ஒருவர், செய்தி கேள்விப்பட்டு அவராகவே வந்தார். பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சென்ட் அடித்து, முகம் பார்க்கும்படி வைத்தால்தான் வீட்டார் மனம் ஆறுகிறது என்றார். நான் தேதியைக் காட்டினேன். "அவங்களுக்கு இன்னா மேடம், தடிப்பா வரப்போவுது? எல்லாத்தையும் ஏத்துங்க" என்றார்.

ஒரு மாதமாக நான் சந்தித்தவர்களில் இந்தப் பொருட்களுக்கு உண்மையான தேவை இருந்தவர் அவர் ஒருவரே. இதைச் சொல்ல எனக்குக் கூசவில்லை. வண்டியில் ஏற்றி முடித்ததும் ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு அடுத்த கட்டத்தில் விரலை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பயனாளி கையெழுத்துன்னு போட்டுக்குதே, அத்த நான் எப்படி மேடம் வாங்கியாறது?"

சோப்பு வந்தது

அந்தக் கட்டத்தில் நானே கிறுக்கி அனுப்பினேன். இயக்குநர் சொன்ன மறுநாள் என்பது பதினான்கு நாட்களாயிற்று. நடுவில் பண்டிகை விடுமுறை. சோப்பு வந்த அன்றே வண்டி பிடித்து மலையேறினேன். பச்சையம்மாள் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தார். அன்று மாலை மருந்து, மறுநாள் காலையில் குளியல். ஓடையோரப் பாறைகள் முழுவதும் போர்வைகள் காய்ந்தன. பிள்ளைகள் நுரையை ஒருவர்மீது ஒருவர் வழித்து எறிந்து கத்தினார்கள். அந்த மாதத்தில் நான் கண்ட ஒரே மகிழ்ச்சி அது; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிற்பகலில் நானும் பச்சையம்மாளும் அலமேலுவின் ஊருக்கு நடந்தோம். வீட்டுப் படலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நான்கு நாட்களுக்கு முன் குடகுக்குப் போய்விட்டார்களாம். பக்கத்து வீட்டில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், புண்ணோடா அந்தப் பிள்ளையை அழைத்துப் போனார்கள் என்று பச்சையம்மாள் கேட்டார். அந்தப் பெண் முறத்தை நிறுத்தவில்லை. "சொறியோட போனா எஸ்டேட்டுல சேக்க மாட்டாங்களாமே, நல்லா ஆறி, மேலு சுத்தமானதுக்கு அப்புறம்தாங்க கூட்டிக்கினு போனாங்க."

சென்னைக்கு நான் அனுப்பிய அறிக்கையில் அந்தச் சோப்புச் சுமை முழுவதும், மீதமின்றி, உரிய நேரத்தில், உரியவர்களுக்கு வழங்கப்பட்டதாக என் கையெழுத்துடன் எழுதியிருக்கிறது. அதைப் பொய் என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.