வினிஃபிரெட்டின் சிவப்புக் குச்சிகள்

வினிஃபிரெட் ஒட்டவேயைத் தெருவில் எல்லோரும் 'குச்சியம்மா' என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்த கை, சும்மா இருக்குமா? ஓய்வு பெற்றதும் வீட்டு முன்னால் ரோஜா வைத்தாள். இங்கிலாந்தின் நார்ஃபோக் ஈரத்தில், அதுவும் ஓடையோரச் சேற்றில், எந்த ரோஜா பிழைக்கும்? சனியன் போகட்டும் என்று டாக்வுட் புதர்களை நட்டாள். சேறென்றால் அதற்குக் கொண்டாட்டம்.

கோடையில் அது வெறும் வேலிச்செடி. எவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இலையெல்லாம் கொட்டி, ஊரே சாம்பல் பூத்துக் கிடக்கும்போதுதான் அதன் ஆட்டம் ஆரம்பம். தண்டெல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு! இளந்தண்டுதான் அப்படிச் சிவக்கும் என்பதால், குளிர் முடியும் மார்ச் மாதத்தில் தரையோடு ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

அந்த வருஷம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து வரும் பிப்ரவரியில் ஊர்த் தோட்டங்களை எல்லோருக்கும் திறந்துவைக்கும் நாளில், முதல் முறையாக அவள் தோட்டத்தையும் சேர்த்திருந்தார்கள். அதுவரை எதிர்வீட்டு செசிலி பெவரலின் குளிர்கால வெள்ளைப் பனித்துளிப் பூக்களுக்குத்தான் அந்த மரியாதை.

நவம்பரில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பியவள், வாசலில் பையைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். புதர்களைக் காணோம். மொட்டைக் கட்டைகள்தான் இருந்தன. பக்கத்தில் அவள் கணவர் டெஸ்மண்ட், வெட்டிய தண்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்துவிட்டு நின்றார். குளிருக்கு முன் தோட்டத்தைத் துடைத்துவைப்பது அந்த ஊர் ஆண்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"எப்படி இருக்கு? வருஷா வருஷம் ஒட்ட வெட்டணும்னு நீதானே சொல்லுவே?"

"குளிர் முடிஞ்சப்புறம் வெட்டணும்யா! கல்யாணத்துக்கு முந்தின நாள் பொண்ணுக்கு எவனாவது மொட்டை அடிப்பானா?"

டெஸ்மண்டின் முகம் செத்துவிட்டது. "அய்யய்யோ, வின்னி... இப்ப என்ன பண்றது?"

"என்னைக் கேட்டா?"

உள்ளே போய் டீ போட்டாள், குடிக்கப் பிடிக்கவில்லை. ஆத்திரத்தில் அழுகை முட்டியது. அந்தக் கட்டைகளைப் பார்த்து செசிலி 'அச்சச்சோ' கொட்டுவாளே! ஜன்னல் வழியே பார்த்தால், மனுஷன் தூறலில் குந்தி உட்கார்ந்து, ஒரு தண்டை மண்ணில் குத்தி நிற்கவைத்துக்கொண்டிருந்தார். அது சாய்ந்தது. மறுபடி குத்தினார். மறுபடி சாய்ந்தது.

வினிஃபிரெட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் உறைத்தது. டாக்வுட் குச்சியை இந்த மாதத்தில் ஈரமண்ணில் சொருகினாலே வேர் பிடிக்குமே! குளிர் முழுக்க நிறமும் போகாதே!

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். "அப்படி வச்சா நிக்குமாய்யா? ஒரு முழமாவது உள்ள போகணும். கடப்பாரையை எடு!"

ஓடைக்கரை நெடுக, தெருமுனை வரைக்கும், இருவரும் குச்சி நட்டார்கள். இடுப்பு ஒடிந்துபோனது. ஆனால் டெஸ்மண்டுக்குப் பயம் போகவில்லை. தினமும் காலையில் போய் ஒவ்வொரு குச்சியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

பிப்ரவரியில் அந்த நாள் விடிந்தபோது தரையெல்லாம் வெள்ளைவெளேரென்று பனி. நடுவே ஓடை நெடுகச் சிவப்பு, தண்ணீருக்குள்ளும் சிவப்பு. வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வினிஃபிரெட்டுக்கு மனசு நிறைந்துவிட்டது.

செசிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அசத்திட்டே வின்னி! போன வருஷம் நாலு புதர்தானே இருந்துச்சு? இது யாரு யோசனை?"

வந்தவர்களுக்குக் கேக் வைத்திருந்த மேசைக்குப் பின்னால் நின்ற டெஸ்மண்ட் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"என் வீட்டுக்காரரு வேலைதான்" என்றாள் வினிஃபிரெட். "நான் ஊர்ல இல்லாதப்ப தானாவே ஆரம்பிச்சுட்டாரு."

"அடடே! எங்க வீட்டுக்கும் ஒரு நாள் அனுப்பி வையேன்."

"தாராளமா கூட்டிட்டுப் போ. ஆனா அன்னிக்கு மட்டும் நீ வீட்டை விட்டு அசையாதே!"

டெஸ்மண்ட் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செசிலிக்கு ஒன்றும் புரியவில்லை.